சீனி யாருக்குத் தீனி?

பினாங்கில் செடி வளர்க்கும் வீடுகள் பலவற்றின் கொல்லைப்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் கலன் இருக்கும். உள்ளே ஆரஞ்சுத் தோல், அன்னாசித் தோல், பழுப்புச் சீனி, தண்ணீர். ஒரு பங்கு சீனி, மூன்று பங்கு பழக்கழிவு, பத்துப் பங்கு தண்ணீர் என்பது கணக்கு. மூன்று மாதம் மூடிவைத்து வடிகட்டினால் கிடைப்பதைக் ‘கார்பேஜ் என்ஸைம்’ என்கிறோம். தாய்லாந்தின் டாக்டர் ரோசுகோன் பூம்பன்வோங் உருவாக்கிய இந்த முறையை, பினாங்கைச் சேர்ந்த இயற்கை மருத்துவர் ஜோயன் ஊன் ஊர் ஊராகக் கொண்டுபோனார்.

இதோடு நிற்கவில்லை. 2009 ஆகஸ்ட் 8 அன்று கர்னி டிரைவ் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் கூடி, நுண்ணுயிர் கலந்த மண் உருண்டைகளைக் கடலில் வீசினார்கள். ஜப்பானின் ஒகினாவாவில் ரியுக்யூ பல்கலைக்கழகப் பேராசிரியர் தெருவோ ஹிகா 1980களில் உருவாக்கிய ‘இ.எம்.’ நுண்ணுயிர்க் கலவைதான் அந்த உருண்டைகளுக்கு அடிப்படை. அதைப் பெருக்குவதற்கு ஊற்றப்படுவது கரும்பு ஆலையின் கழிவுப்பாகு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கும் பஞ்சகவ்யம், மீன் அமிலம் ஆகிய இயற்கை உரக் கரைசல்களிலும் வெல்லம் உண்டு. ஆக, பெயர்கள் வேறாக இருந்தாலும் எல்லாவற்றுக்குள்ளும் இனிப்பு இருக்கிறது.

இதைப் பார்த்துத்தான் பலரும் ஒரு குறுக்குவழிக்குப் போகிறார்கள். குடித்து மிஞ்சிய கோப்பி, டின் பால் கழுவிய தண்ணீர், வெல்லம் கரைத்த நீர், காற்றுப்போன சோடா எல்லாம் நேராகப் பூச்சட்டிக்குப் போகின்றன. “இனிப்பு போட்டால் செடி செழிக்கும்” என்ற நம்பிக்கை அவ்வளவு ஊறிவிட்டது. செடிக்குச் சீனி உணவாகுமா? மண்ணில் விழுந்த சீனியை யார் சாப்பிடுகிறார்கள்? சாப்பிட்ட பிறகு என்ன நடக்கிறது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால், எந்தக் கலவையை நம்பலாம், எதைக் கைவிடலாம் என்பது தானாகத் தெளிவாகும்.

தன் சீனியைத் தானே சமைக்கும் செடி

செடிக்கு வேண்டிய சீனியைச் செடியே தயாரிக்கிறது. காற்றில் உள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் வெயிலின் ஆற்றலால் இணைத்து இலை சர்க்கரை சமைக்கிறது. அது சுக்ரோஸ் வடிவில் தண்டின் வழியே வேர்வரை இறங்குகிறது. நம் அடுப்படியில் இருக்கும் சீனியும் அதே சுக்ரோஸ்தான். கரும்பு தனக்காகச் சேர்த்துவைத்ததை நாம் பிழிந்து எடுத்துக்கொண்டோம்.

வெளியிலிருந்து சீனி கொடுத்தால் செடி எடுத்துக்கொள்ளவே கொள்ளாதா என்றால், கொள்ளும். 1922இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்சன் இதைக் காட்டினார். ஆர்க்கிட் விதை தூசியைப் போலச் சிறியது. அதற்குள் சேமித்த உணவு கிட்டத்தட்ட இல்லை. இயற்கையில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். நட்சன் பூஞ்சையே இல்லாமல், சர்க்கரை கலந்த ஊடகத்தில் அதை முளைக்கவைத்தார். 1962இல் முராஷிகே, ஸ்கூக் என்ற இருவர் வெளியிட்ட திசு வளர்ப்பு ஊடகம் இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது. அதில் ஒரு லிட்டருக்கு 30 கிராம் சீனி சேர்ப்பது வழக்கம்.

ஆனால் அந்தப் புட்டிகள் எல்லாமே கிருமி நீக்கி, அடைத்துவைத்தவை. காற்றிலிருந்து ஒரே ஒரு பூஞ்சை வித்து உள்ளே விழுந்தாலும் போதும், சில நாட்களில் புட்டி முழுக்கப் பூசணம் படர்ந்து செடி செத்துப்போகும். சர்க்கரையை உறிஞ்சுவதில் நுண்ணுயிரோடு போட்டிபோட வேரால் முடியாது. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பூச்சட்டியில் விழும் சீனி, வேர் அதைத் தொடுவதற்குள் அவற்றின் வயிற்றுக்குப் போய்விடும்.

பசியோடு காத்திருக்கும் மண்

1904இல் ஜெர்மானிய அறிஞர் லோரன்ஸ் ஹில்ட்னர், வேரை ஒட்டிய மெல்லிய மண் அடுக்குக்கு ‘ரைசோஸ்பியர்’ என்று தனிப் பெயர் வைத்தார். வேர்மண்டலம் என்று நாம் சொல்லலாம். சுற்றியுள்ள மண்ணைவிட அங்கே உயிர்கள் பலமடங்கு நெருக்கமாக வாழ்கின்றன. செடி தான் சமைத்த உணவில் ஒரு பங்கை வேர் வழியாகத் தானே வெளியே கசியவிடுவதுதான் காரணம். சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம் எல்லாம் கலந்த கசிவு அது. அதை உண்ணும் நுண்ணுயிர்கள் கைம்மாறாக மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைத்துத் தருகின்றன, தழைச்சத்தை (நைட்ரஜன்) விடுவிக்கின்றன, நோய்க் கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் தடுக்கின்றன.

வேரை விட்டு விலகிய மண்ணில் நிலைமை வேறு. அங்குள்ள நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை இரையின்றி உறங்கிக் கிடக்கின்றன. 1978இல் ஆண்டர்சன், டோம்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் பசியையே அளவுகோலாக்கினார்கள். மண்ணில் குளுக்கோஸைக் கலந்து, அடுத்த சில மணி நேரத்தில் வெளிவரும் கரியமில வாயுவை அளந்தார்கள். எவ்வளவு வாயு வருகிறதோ அதற்கேற்ப மண்ணில் உயிர்த்திரள் இருக்கிறது என்று பொருள். மண்ணின் உயிரோட்டத்தைக் கணக்கிட இந்த முறை இன்றும் நடைமுறையில் உள்ளது.

ஆகவே சீனி நுண்ணுயிரை எழுப்புகிறது என்பது உண்மை. ஆனால் நுண்ணுயிர் பெருகுவது ஒன்று, மண் வளமாவது இன்னொன்று. சீனி கிடைத்ததும் முதலில் பெருகுபவை வேகமாகத் தின்று வேகமாக வளரும் சில பாக்டீரியா இனங்கள்தாம். வேரோடு உறவு வைத்திருக்கும் மைக்கோரைசா பூஞ்சைக்கு இதனால் ஆதாயமில்லை. அது தனக்கான சர்க்கரையை வேருக்குள்ளிருந்தே வாங்கிக்கொள்கிறது. செடியின் கசிவு துளித்துளியாக, இடைவிடாமல், பல பொருள் கலந்து வருவது. நாம் ஊற்றும் சீனித் தண்ணீரோ ஒரே பொருள், ஒரே நாளில், மொத்தமாக.

தழைச்சத்துக் கணக்கு

சீனியில் இருப்பவை கரிமம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே. தழைச்சத்தாகிய நைட்ரஜன் துளிகூட இல்லை. பாக்டீரியா தன் உடலைக் கட்டுவதற்கோ, ஏறத்தாழ எட்டுப் பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு நைட்ரஜன் வேண்டும். சீனி கொடுக்காத அந்த நைட்ரஜனை அது எங்கே தேடும்? செடிக்காகச் சட்டி மண்ணில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

ஒரு கைப்பிடிச் சீனியை, 50 கிராம் என்று வைத்து, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதில் 21 கிராம் கரிமம் இருக்கிறது. நுண்ணுயிர் அதில் பாதிக்கு மேல் மூச்சாக விட்டுவிட்டு, சுமார் எட்டுக் கிராமை உடலாக்கிக்கொள்ளும். எட்டுக் கிராம் கரிமத்துக்கு ஒரு கிராம் நைட்ரஜன் தேவை. இரண்டு கிராமுக்குச் சற்று அதிகமான யூரியாவில் உள்ள தழைச்சத்து அது. பார்க்கச் சிறியதாகத் தோன்றும். ஆனால் சாதாரணப் பூச்சட்டி மண்ணில் செடி உடனே எடுக்கத்தக்க நிலையில் இருக்கும் நைட்ரஜன் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. சீனி ஊற்றிய சில நாளில் கீரையின் அடியிலைகள் வெளிறுவது இதனால்தான். தழைச்சத்து குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து அதை உருவித் தளிருக்கு அனுப்பும். மண்ணில் பூட்டப்பட்ட நைட்ரஜன் அந்த நுண்ணுயிர்கள் மடிந்த பிறகு மெல்ல விடுபடும். ஆனால் இருபத்தைந்து, முப்பது நாளில் அறுவடையாகும் கீரைக்கு அதுவரை காத்திருக்க நேரமில்லை.

இந்த விளைவைத் தெரிந்தே பயன்படுத்துபவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் உரம் ஏறிப்போன மேய்ச்சல் நிலங்களில் அந்நியக் களைகள் மண்டி, நாட்டுப் புற்கள் அழிந்துவந்தன. அங்குள்ள ஆய்வாளர்கள் சதுர மீட்டருக்கு அரை கிலோ வீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வெள்ளைச் சீனியைத் தூவினார்கள். மண்ணின் நைட்ரேட் சரிந்தது, அதை நம்பி வளர்ந்த களைகள் சுருங்கின, குறைந்த சத்தில் வாழப் பழகிய நாட்டுப் புற்கள் தலையெடுத்தன. நாம் உரம் என்று நினைத்து ஊற்றும் பொருளை, அவர்கள் உரத்தைக் குறைக்கத் தூவுகிறார்கள்.

மழை ஊரில் இன்னொரு ஆபத்து

ஒரு கிராம் சீனியை முழுவதும் எரிக்க ஒரு கிராமுக்கும் அதிகமான ஆக்சிஜன் வேண்டும். மண்ணுக்குள் காற்று புகும் இடைவெளிகள் நீரால் நிறைந்திருந்தால் அந்த ஆக்சிஜன் வந்துசேராது. காற்றில் பரவுவதைவிட நீரில் அது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் பினாங்கில், சட்டி மண் ஈரம் வற்றாமல் கிடக்கும் நாட்களே அதிகம். அதில் இனிப்பு நீரையும் ஊற்றினால் நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுதீர்க்கும். பிறகு காற்றில்லாமல் வாழும் கூட்டம் எழும். மண் புளித்து நாறும், வேர் மூச்சுமுட்டி அழுகும்.

இதையும் வேளாண்மை ஓர் ஆயுதமாக்கியிருக்கிறது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் மெத்தில் புரோமைடு என்ற மண் கிருமிநாசினியை மாண்ட்ரியல் உடன்படிக்கை படிப்படியாக விலக்கியபோது மாற்று வழி தேவைப்பட்டது. ஜப்பானிலும் நெதர்லாந்திலும் தனித்தனியே உருவான முறை ஒன்று கலிபோர்னியாவின் ஸ்ட்ராபெரி வயல்களுக்கும் வந்தது. நிலத்தில் தவிட்டையோ கழிவுப்பாகையோ தாராளமாகக் கலந்து, நீர் பாய்ச்சி, பிளாஸ்டிக் விரிப்பால் சில வாரம் மூடுகிறார்கள். ஆக்சிஜன் தீர்ந்து, அமிலங்கள் சுரந்து, மண்ணில் உள்ள நோய்ப் பூஞ்சைகள் சாகின்றன. அதன் பிறகே நாற்று நடுவார்கள். நட்ட செடி இருக்கும் நிலத்தில் எவரும் இதைச் செய்யமாட்டார்கள்.

எறும்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இனிப்பு வாடைக்கு வரும் எறும்பு சட்டியோடு நின்றுவிடாது. மாவுப்பூச்சியும் அசுவினியும் கழிக்கும் தேன்நீருக்காக அவற்றைக் காவல் காத்து, செடிவிட்டுச் செடி பரவ உதவும். மிளகாய்ச் செடியும் செம்பருத்தியும் வைத்திருப்பவர்களுக்கு மாவுப்பூச்சியின் வெள்ளைப் பஞ்சுப் படலம் தரும் தொல்லை தெரியும்.

பழைய செய்முறைகளில் ஒளிந்திருக்கும் கணக்கு

அப்படியானால் வெல்லம் சேர்க்கும் நம் இயற்கை வேளாண்மைக் கரைசல்கள் தவறா? இல்லை. அவற்றைக் கூர்ந்து பார்த்தால் மேலே சொன்ன கணக்கு அவற்றுக்குள் சரியாகவே பொருந்துகிறது.

இந்திய இயற்கை வேளாண்மையாளர் சுபாஷ் பாலேக்கர் பரப்பிய ஜீவாமிர்தத்தை எடுத்துக்கொள்வோம். 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ பசுஞ்சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண். இரண்டு நாள் நொதிக்கவிட்டு ஓர் ஏக்கருக்கு விட வேண்டும். இரண்டு கிலோ வெல்லத்தைத் தின்னும் நுண்ணுயிருக்குச் சுமார் 40 கிராம் நைட்ரஜன் தேவை. பயறு மாவின் புரதத்திலேயே ஏறத்தாழ 70 கிராம் இருக்கிறது. சாணமும் கோமியமும் கொண்டுவருவது தனி. வெல்லம் கேட்கும் தழைச்சத்தைக் கூடவே வைத்து ஊட்டுகிறது இந்தச் செய்முறை. மண்ணிடம் கடன் கேட்கவில்லை.

அளவையும் கவனியுங்கள். ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். இரண்டு கிலோ வெல்லத்தைப் பரப்பினால் சதுர மீட்டருக்கு அரை கிராம். ஆஸ்திரேலியாவில் களையை ஒடுக்கத் தூவியதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓர் அடி அகலமுள்ள பூச்சட்டிக்கு இந்த விகிதத்தில் சேர வேண்டியது விரல்நுனியில் ஒட்டும் சில பருக்கைகள் மட்டுமே. அதே சட்டியில் நாம் ஒரு தேக்கரண்டி சீனியைக் கரைத்து ஊற்றினால், ஜீவாமிர்தத்தின் அளவைப்போல நூறு மடங்குக்கு மேல் போட்டுவிடுகிறோம்.

மீன் அமிலத்திலும் இதே நேர்த்தி உண்டு. மீன் கழிவும் வெல்லமும் சம எடை. கலந்து மூடி மூன்று வாரம் வைக்க வேண்டும். இங்கே வெல்லத்தின் முதல் வேலை உணவாவது அன்று, காப்பது. ஊறுகாயில் உப்பு செய்வதைப்போல, மீனிலிருந்து நீரை வெளியே இழுத்து, அழுகல் பாக்டீரியாவை அடக்கி, அமிலம் சுரக்கும் நொதிப்புக்கு வழிவிடுகிறது. அதனால்தான் சரியாகத் தயாரான மீன் அமிலத்தில் பிணநாற்றம் அடிப்பதில்லை. ஒரு கிலோ மீன் கழிவில் 20 கிராமுக்குக் குறையாமல் நைட்ரஜன் இருக்கும். ஒரு கிலோ வெல்லத்துக்கு வேண்டியதும் கிட்டத்தட்ட அவ்வளவே. நொதிக்கும்போதே வெல்லத்தின் ஒரு பகுதி தீர்ந்துவிடுவதால், கடைசியில் கையில் நிற்பது தழைச்சத்து மிகுந்த ஊட்டம். லிட்டர் தண்ணீருக்குப் பத்து மில்லி போதும். தினமும் மீன் வரத்துள்ள பினாங்குச் சந்தைகளில் செவுளுக்கும் குடலுக்கும் பஞ்சமே இல்லை.

கார்பேஜ் என்ஸைமும் கழிவுப்பாகும்

கார்பேஜ் என்ஸைமை இதே தராசில் நிறுத்துவோம். பழத்தோலில் தழைச்சத்து குறைவு, சீனியில் அறவே இல்லை. மூன்று மாத நொதிப்பில் சீனி சாராயமாகவும் பிறகு காடியாகவும் மாறுகிறது. கரைசலின் அமிலத்தன்மை எலுமிச்சைச் சாற்றை நெருங்கும் அளவுக்குப் போவதுண்டு. ஆகவே தரை துடைக்கவும் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கவும் அது உதவுவதில் வியப்பில்லை. செடிக்கு ஊற்றுவதானால் ஐந்நூறு மடங்குக்கும் மேல் நீர் கலக்க வேண்டும். அப்படிக் கலந்த பிறகு அதில் உரம் என்று சொல்ல மிஞ்சுவது கொஞ்சம் சாம்பல்சத்து (பொட்டாசியம்) மட்டுமே. கார்பேஜ் என்ஸைம் ஓசோனை உண்டாக்கி வானத்தைக் காக்கும் என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. நொதிப்பில் வெளிவருவது கரியமில வாயு, ஓசோன் உண்டாக அங்கே வழியில்லை. மூடியை இடையிடையே திறந்துவிடச் சொல்வதும் கண்ணாடிப் போத்தல் வேண்டாம் என்பதும் அந்த வாயுவின் அழுத்தத்துக்காகவே.

ஆனாலும் கார்பேஜ் என்ஸைம் இயக்கம் செய்த ஒரு நன்மையை மறக்கக்கூடாது. எத்தனையோ குடும்பங்களைச் சமையலறைக் கழிவைத் தனியே பிரிக்கப் பழக்கியது அது. பினாங்கின் குப்பை செபராங் பிறையின் பூலாவ் பூரோங் கிடங்கில் மலையாகக் குவிகிறது. 2016 ஜூன் முதல் வீட்டிலேயே தரம்பிரிக்க வேண்டும் என்பது மாநில அரசின் கொள்கை. ஆனால் மூன்று கிலோ தோலை மாற்ற ஒரு கிலோ சீனி வாங்கத் தேவையில்லை. அதே தோலைக் காய்ந்த இலையோடு அடுக்கினால், சீனி இல்லாமலே நல்ல மட்கு உரமாகும்.

இனிப்புகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஆலையில் சுத்திகரித்த வெள்ளைச் சீனி கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு சுக்ரோஸ். கரும்பு மண்ணிலிருந்து எடுத்த சாம்பல்சத்து முதலான தாதுக்கள் எல்லாம் கழிவுப்பாகிலேயே தங்கிவிடுகின்றன. வெல்லத்திலும் ஓரளவு உண்டு. நுண்ணுயிர்க் கரைசலுக்கு இவற்றை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். தழைச்சத்து மட்டும் இவற்றிலும் சொற்பமே.

வீட்டில் என்ன செய்யலாம்?

டின் பால் கழுவிய நீர், மிஞ்சிய இனிப்புத் தேநீர், சோடா, சிரப் எதையும் சட்டியில் ஊற்றாதீர்கள். அவற்றை மட்குத் தொட்டியில், காய்ந்த இலையும் காய்கறிக் கழிவும் உள்ள குவியலில், சிறிது சிறிதாகத் தெளியுங்கள். அங்கே தழைச்சத்தும் காற்றும் இருப்பதால் இனிப்பு நுண்ணுயிரின் வேலையை முடுக்கும். செடியிடமிருந்து எதையும் பறிக்காது. சீனி போடாத கோப்பித்தூள் சக்கையில் ஓரளவு தழைச்சத்து உண்டு. அதையும் மட்கில் சேர்க்கலாம். வெல்லக் கரைசல் செய்வதாக இருந்தால் சாணமோ, பயறு மாவோ, மீனோ இல்லாமல் செய்யாதீர்கள்; முழுதும் நொதித்த பிறகு, நன்றாக நீர்த்து, மழையில்லாத நாளில் விடுங்கள். மண்ணுக்கு நாள்தோறும் உணவு வேண்டுமென்றால் காய்ந்த இலை மூடாக்குப் போடுங்கள். மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கரிமம் தருவது அதுதான்.

சந்தேகம் இருந்தால் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே மண், ஒரே அளவு சட்டி, ஒரே நாளில் விதைத்த தண்டுக்கீரை. ஒன்றுக்கு வெறும் தண்ணீர், மற்றொன்றுக்கு வாரம் ஒருமுறை ஒரு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர். மூன்று வாரத்தில் அடியிலைகளின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு செய்தால் பள்ளிப் பாடத்தில் படிக்கும் ஒளிச்சேர்க்கையும் தழைச்சத்தும் அவர்களுக்குக் கண்ணெதிரே விளங்கும்.

நம் பெரியவர்களும் இயற்கை உழவர்களும் வெல்லத்தைத் தனியே மண்ணுக்குக் கொடுத்ததில்லை. சாணத்தோடும் பயறோடும் மீனோடும்தான் கொடுத்தார்கள், அதுவும் மிகக் கொஞ்சமாக. அந்தத் துணையையும் அளவையும் விட்டுவிட்டு இனிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், செடி பட்டினி கிடக்கும். இனிமேல் சட்டியில் எதை ஊற்றுவதற்கு முன்னும், இதில் தழைச்சத்து இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.